பிரஷருக்கும் புராஸ்டேட்டுக்கும் ஒரே மாத்திரை... ராத்திரி எழுந்து நிற்கும்போது கவனம்!

மார்கழி மாதம். விடிய இன்னும் நேரம் இருக்கிறது. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு வீடு. வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபதவாசல் திறப்பதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எழுபது வயதுத் தாத்தா அலாரம் வைத்துப் படுத்திருக்கிறார். அலாரம் அடித்ததும் சட்டென எழுகிறார். வீட்டில் மற்றவர்கள் தூங்குகிறார்களே என்று லைட்டைக்கூடப் போடாமல் பாத்ரூமை நோக்கி நாலு எட்டு வைக்கிறார். கண் இருட்டிக்கொண்டு வருகிறது. கதவு நிலையைப் பிடிப்பதற்குள் கீழே விழுந்துவிடுகிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் வயதானவர்கள் இருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. அந்தத் தாத்தாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். 'யூரின் சரியாகப் போகவில்லை' என்று முந்தின நாள் மாலை தில்லை நகரில் ஒரு சிறுநீரகவியல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். டாக்டர் எழுதிக்கொடுத்த புது மாத்திரையின் முதல் டோஸ் அன்று ராத்திரிதான் உள்ளே போயிருக்கிறது. பிரஷர் மாத்திரை மாதாமாதம் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. அது அவருக்கு மாத்திரையாகவே தோன்றாததால் தில்லை நகர் டாக்டரிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. போதாக்குறைக்கு ஏகாதசி விரதம் என்று ராத்திரி சாப்பாடும் கிடையாது.

மூன்றுமே தனித்தனியாகப் பார்த்தால் சரியான விஷயங்கள்தான். ஒன்றாகச் சேர்ந்ததுதான் பிரச்னை.

அது என்ன மாத்திரை?

பிரசோசின், டெரசோசின், டாக்சசோசின், அல்ஃபுசோசின், டாம்சுலோசின், சைலோடோசின். கடைசி எழுத்துகள் ஒன்றுபோல ஒலிக்கும் இந்த மருந்துகள் எல்லாம் ஒரே குடும்பம். 'ஆல்பா பிளாக்கர்' என்பது குடும்பப் பெயர். இவற்றில் பிரசோசின், டெரசோசின், டாக்சசோசின் மூன்றும் முதலில் உயர் ரத்த அழுத்தத்துக்காக வந்தவை. டாம்சுலோசினும் சைலோடோசினும் புராஸ்டேட் வீக்கத்துக்காகவே தயாரானவை.

ஒரே மருந்து ரத்தக் குழாய்க்கும் சிறுநீர்ப் பாதைக்கும் எப்படி வேலை செய்கிறது என்று கேட்கலாம். இரண்டுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. நம் கட்டளை இல்லாமல் தானாகவே இறுகித் தளரும் மென்தசை. ரத்தக் குழாயின் சுவரிலும் அது உண்டு. புராஸ்டேட் சுரப்பியிலும், சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியிலும் அது உண்டு. பயந்தாலோ, குளிர் அடித்தாலோ, படுக்கையிலிருந்து எழுந்து நின்றாலோ உடல் அட்ரினலின் வகையைச் சேர்ந்த ரசாயனங்களைச் சுரக்கிறது. அவை அந்தத் தசையில் இருக்கும் 'ஆல்பா' ஏற்பிகளில் போய் உட்கார்ந்ததும் தசை இறுகுகிறது. இந்த ஏற்பிகளை ஆல்பா, பீட்டா என்று 1948-ல் பிரித்துச் சொன்னவர் அமெரிக்க ஆய்வாளர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட்.

ஆல்பா பிளாக்கர் அந்த ஏற்பியில் தானே முதலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பது மாதிரி. அட்ரினலினுக்கு இடம் கிடைக்காததால் தசை தளர்கிறது. ரத்தக் குழாய் விரிந்தால் பிரஷர் குறையும். புராஸ்டேட்டும் சிறுநீர்ப்பையின் கழுத்தும் தளர்ந்தால் சிறுநீர் தடையில்லாமல் வரும்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் இருக்கும் சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம் போல இருக்கும். வயதாக ஆக அது பெருப்பது இயல்பு. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலானவர்களுக்கும் அந்த மாற்றம் இருக்கும். இது புற்றுநோய் அல்ல. ஆனால் மோதிரம் இறுக இறுக, சிறுநீர் கழிக்க நிற்க வேண்டிய நேரம் கூடும். போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றும். ராத்திரியில் மூன்று முறை, நான்கு முறை எழுந்திருக்க வேண்டி வரும்.

புராஸ்டேட்டில் ஆல்பா ஏற்பிகள் இருப்பதை 1970-களில் காட்டியவர்களில் ஜெருசலேம் நகரைச் சேர்ந்த டாக்டர் மார்கோ கெய்ன் முக்கியமானவர். அதுவரை இந்தப் பிரச்னைக்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி. ரத்தக் குழாயைத் தளர்த்தும் மருந்து இங்கேயும் வேலை செய்யும் என்று அதன் பிறகுதான் புரிந்தது. அமெரிக்காவில் டெரசோசின் 1987-ல் பிரஷர் மருந்தாக அனுமதி பெற்றது. புராஸ்டேட் வீக்கத்துக்கும் தரலாம் என்று 1993-ல் அனுமதி கிடைத்தது. 1990-ல் பிரஷருக்காக வந்த டாக்சசோசினுக்கு அதே அனுமதி 1995-ல் கிடைத்தது.

ஆக, ஒரு வீட்டில் அம்மா பிரஷருக்கும் அப்பா யூரின் பிரச்னைக்கும் ஒரே மாத்திரையைச் சாப்பிடக்கூடும். 'எனக்குத் தீர்ந்துபோச்சு, உன்னுதுல ஒண்ணு குடு' என்று மாற்றிக்கொள்வதும் நடக்கும். அளவு வேறாக இருக்கலாம், மாத்திரையின் வகையும் வேறாக இருக்கலாம். அப்படி மாற்றிக்கொள்ளவே கூடாது.

முதல் ராத்திரியில்தான் ஆபத்து

நாம் படுக்கையிலிருந்து எழுந்து நின்றதும் ரத்தம் புவியீர்ப்பால் கால்களை நோக்கி இறங்கும். உடல் நொடியில் கால் ரத்தக் குழாய்களை இறுக்கி, மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். ஆல்பா பிளாக்கர் தடுப்பது அந்த இறுக்கத்தைத்தான். அதனால் எழுந்து நின்ற அந்த ஒரு நிமிடத்தில் பிரஷர் சரிகிறது. தலை சுற்றும், கண் இருளும், சிலர் மயங்கியே விழுவார்கள். நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அதை மருத்துவம் 'நிற்கும்போது ஏற்படும் தாழ் ரத்த அழுத்தம்' என்கிறது.

பிரசோசின் புழக்கத்துக்கு வந்த 1970-களிலேயே டாக்டர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். முதல் டோஸ் போட்ட சிலர் அரை மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் மயங்கி விழுந்தார்கள். அடுத்தடுத்த டோஸ்களில் அப்படி நடக்கவில்லை. 'முதல் டோஸ் விளைவு' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 2 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஆரம்பித்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இந்த மயக்கம் பதிவானது. அதனால்தான் பிரஷருக்கும் சேர்த்து வேலை செய்யும் ஆல்பா பிளாக்கர்களை மிகக் குறைந்த அளவில் ஆரம்பிக்கிறார்கள். டெரசோசினும் டாக்சசோசினும் பொதுவாக 1 மில்லிகிராமில் தொடங்கி, மெல்ல மெல்லத்தான் கூட்டப்படுகின்றன.

'ராத்திரி படுக்கும்போது போடுங்க' என்று டாக்டர் சொல்வதும் இதற்காகத்தான். பிரஷர் சரியும் நேரத்தில் நீங்கள் படுக்கையில் இருக்க வேண்டும் என்பதே கணக்கு. மாத்திரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சீரியல் பார்த்து, பிறகு கேட்டைப் பூட்டப் போய், மாடிக்கு ஏறினால் அந்தக் கணக்கு தப்பிவிடும்.

ஆனால் இந்த மாத்திரையைச் சாப்பிடுபவருக்கு ராத்திரியில் எழுந்திருப்பதுதானே பிரச்னையே! தூக்கக் கலக்கம், இருட்டு, முட்டும் சிறுநீர், சரிந்த பிரஷர் எல்லாம் ஒரே நேரத்தில் கூடுகின்றன. இன்னொன்றும் உண்டு. சிறுநீர் கழிக்கும்போதே சிலருக்குப் பிரஷர் இறங்கும். எனவே புது மாத்திரை ஆரம்பித்த நாள்களில் ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது. கட்டிலிலிருந்து எழுவதற்கு முன் ஒருக்களித்துத் திரும்பி, காலைத் தொங்கப்போட்டு ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்து, கட்டை விரலை நாலு முறை அசைத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழ வேண்டும். பாத்ரூம் வழியில் சின்ன நைட் லேம்ப் ஒன்று எரியட்டும். எழுபது வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு செலவு, எத்தனை மாத அலைச்சல் என்பதை ஒருமுறை பட்ட வீட்டார் அறிவார்கள்.

முதல் டோஸ் போட்ட பிறகும், அளவைக் கூட்டிய பிறகும் வண்டி ஓட்டக் கூடாது. டெரசோசினுக்கு 12 மணி நேரம், டாக்சசோசினுக்கு 24 மணி நேரம் என்று மருந்துக் குறிப்புகள் சொல்கின்றன. மறுநாள் காலை பேரனை ஸ்கூட்டியில் ஸ்கூலில் விடும் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்.

நாலு நாள் விட்டுவிட்டால்?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. பல மாதமாக 5 மில்லிகிராம் டெரசோசின் சாப்பிட்டு வரும் ஒருவர், திருப்பதிக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்ததும் பழைய 5 மில்லிகிராமையே எடுத்துப் போடுகிறார். அவர் உடலுக்கு அது மறுபடியும் 'முதல் டோஸ்'. அதுவும் ஆரம்ப அளவைப்போல ஐந்து மடங்கு. சில நாள்கள் தொடர்ந்து விட்டுப்போனால், மறுபடி குறைந்த அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். எந்த அளவில் என்பதை டாக்டரிடம் போனிலாவது கேட்டுவிட வேண்டும்.

ஒரு நாள் மட்டும் மறந்தால் பெரிய விஷயமில்லை. அடுத்த வேளைக்குப் போட்டுக்கொள்ளலாம். 'நேத்து விட்டதையும் சேர்த்து இன்னிக்கு ரெண்டு' என்பது மட்டும் கூடாது.

விரதமும் வெயிலும்

ஸ்ரீரங்கத்தில் ஏகாதசி பட்டினி சாதாரணம். சிலர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். டாம்சுலோசின் சாப்பிடுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாத்திரையைத் தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கழித்துப் போடச் சொல்வார்கள். வயிற்றில் உணவு இருந்தால் மருந்து மெதுவாக ஏறும். வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் அதன் உச்ச அளவு 40 முதல் 70 சதவிகிதம் வரை கூடிவிடும். தலைசுற்றலும் கூடும். அல்ஃபுசோசின், சைலோடோசினுக்கும் சாப்பாட்டோடுதான் கணக்கு. விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்பதை விரதத்துக்கு முந்தைய வாரமே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பாலும் பழமும் சாப்பிட்டு விரதம் இருப்பவருக்கும், துளித் தண்ணீர் இல்லாமல் இருப்பவருக்கும் டாக்டரின் பதில் வேறாக இருக்கும்.

திருச்சி வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும். வியர்வையில் உடல்நீர் குறைந்தாலே பிரஷர் இறங்கும். அதோடு புராஸ்டேட் தொந்தரவு இருப்பவர்கள், 'அடிக்கடி போகணுமே' என்று பயந்து பகலில் தண்ணீரையே குறைத்துவிடுவார்கள். சத்திரம் பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் நின்று, பஸ் வந்ததும் ஓடி ஏறி, கம்பியைப் பிடித்தபடி நிற்கும் ஒரு பெரியவருக்குக் கண் இருட்டினால் காரணம் வெயில் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. டாக்டர் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவர்கள் பகலில் போதுமான தண்ணீர் குடிக்கலாம். படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து குறைத்துக்கொள்ளலாம். காபியும் டீயும் சிறுநீரைத் தூண்டும் என்பதால் மாலை ஆறு மணிக்கு மேல் 'இன்னொரு டம்ளர்' வேண்டாம். மது அருந்துபவர்களுக்குப் பிரஷர் இன்னும் வேகமாகச் சரியும்.

உச்சிப்பிள்ளையார் கோயிலுக்கோ, கூட்டமான வரிசை தரிசனத்துக்கோ போகும் திட்டம் இருந்தால் மாத்திரை ஆரம்பித்த முதல் வாரத்தைத் தவிர்த்துவிடலாம்.

மூன்று இடத்திலிருந்து வரும் மாத்திரைகள்

ஒரு பெரியவருக்கு இன்று மருந்து எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் ஒரு சீட்டு. தனியார் கிளினிக்கில் இன்னொரு சீட்டு. 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகமோ, மக்கள் மருந்தகமோ பக்கத்தில் இருந்தால் விலை குறைவு என்று அங்கே ஒரு பை. இவை எல்லாமே நல்ல ஏற்பாடுகள். ஆனால் இவை அத்தனையையும் சேர்த்துப் பார்க்கும் ஒரே ஆள் நோயாளி மட்டும்தான். அவருக்கோ மாத்திரையின் பெயர் 'மஞ்சக் கலர்', 'சின்னது'.

இதில் இரண்டு விதமான விபத்து நடக்கும். ஒன்று, மேலே சொன்னது. ஏற்கெனவே இரண்டு பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு யூரினுக்கு என்று மூன்றாவதாக ஒரு ஆல்பா பிளாக்கர் சேரும். அதுவும் பிரஷரைக் குறைக்கும் என்று அவருக்குத் தெரியாது. இரண்டாவது, ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிடுவது. கம்பெனிக்கு ஒரு பிராண்ட் பெயர் என்பதால், டாக்டரை மாற்றும்போது அதே டாம்சுலோசின் வேறு பெயரில், வேறு நிறத்தில் வரும். பழைய அட்டையையும் தீர்க்க வேண்டும் என்று அதையும் சேர்த்துப் போட்டால் இரட்டை டோஸ். டாம்சுலோசினோடு டுடாஸ்டெரைடு சேர்ந்த கூட்டு மாத்திரைகளும் உண்டு என்பதால் குழப்பம் இன்னும் அதிகம்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. எல்லா மாத்திரை அட்டைகளையும் தரையில் பரப்பி, பின்பக்கத்தில் பிராண்ட் பெயரோடு அச்சாகியிருக்கும் மருந்தின் மூலப் பெயர் தெரியும்படி மகனோ மருமகளோ செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைக்கலாம். அட்டையைக் கத்தரித்துத் தனித் தனி மாத்திரையாக டப்பாவில் போடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளருக்கும், கிளினிக்கில் டாக்டருக்கும், மருந்துக் கடைக்காரருக்கும் அதே போட்டோவைக் காட்டலாம்.

ஜலதோஷ மாத்திரை செய்யும் வேலை

மார்கழிப் பனியில் மூக்கு ஒழுகினால் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஒரு ஜலதோஷ மாத்திரை வாங்கிப் போடுவது வழக்கம். இதில் பல மாத்திரைகளில் பாரசிட்டமாலோடு ஃபினைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமின் என்ற இரண்டும் இருக்கும். ஃபினைல்எஃப்ரின் என்பது ஆல்பா ஏற்பியைத் தூண்டும் மருந்து. அதாவது ஆல்பா பிளாக்கருக்கு நேர் எதிரி. மூக்கின் ரத்தக் குழாயை இறுக்கிச் சளியை நிறுத்தும் அது, புராஸ்டேட்டையும் சேர்த்தே இறுக்கும், பிரஷரையும் ஏற்றும். குளோர்ஃபெனிரமின் சிறுநீர்ப்பை சுருங்கும் வலுவைக் குறைக்கும். ஏற்கெனவே வழி குறுகிப்போன ஒருவருக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் சிறுநீர் அடியோடு நின்றுவிடலாம். அடிவயிறு கல் போல இறுகி, உயிர்போகும் வலியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி, டியூப் போட்டுத்தான் எடுக்க வேண்டி வரும். மூக்கடைப்புக்கு நாம் யாரும் இவ்வளவு பெரிய விலையை நினைத்துப் பார்ப்பதில்லை. மூக்கடைப்பே சில சமயம் ஆல்பா பிளாக்கரின் பக்கவிளைவாகவும் இருக்கும் என்பது இதில் ஒரு வேடிக்கை.

படர்தாமரைக்காகத் தரப்படும் இட்ராகொனசோல் இன்னொன்று. கல்லீரல் சில ஆல்பா பிளாக்கர்களை உடைத்து வெளியேற்றும் வேலையை அது தடுக்கும். அதனால் சைலோடோசின், அல்ஃபுசோசின் சாப்பிடுபவர்கள் அதைச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. டாம்சுலோசினோடும் சேர்க்காமல் இருப்பதே பாதுகாப்பு. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் இதே வகையில் தொல்லை தரும். தோல் டாக்டரிடம் போகும்போது 'யூரின் மாத்திரை சாப்பிடுறேன்' என்று சொல்ல யாருக்கும் தோன்றாது. சொல்ல வேண்டும்.

அடுத்தது வெளியே சொல்லக் கூச்சப்படும் விஷயம். சில்டெனாஃபில், டாடலாஃபில் போன்ற ஆண்மைக்குறைவு மாத்திரைகளும் ரத்தக் குழாயை விரிப்பவைதான். அவற்றை டாக்டருக்குத் தெரியாமல் வாங்கி ஆல்பா பிளாக்கரோடு சேர்த்துப் போட்டால் பிரஷர் அதலபாதாளத்துக்குப் போகலாம். டாடலாஃபிலைப் புராஸ்டேட் தொந்தரவுக்காக டாக்டரே குறைந்த அளவில் எழுதுவதும் உண்டு. அவர் அளவு பார்த்து, தெரிந்து கொடுப்பது வேறு. சைலோடோசின், டாம்சுலோசின் சாப்பிடும் சிலருக்கு விந்து வெளியேறுவது குறையும் அல்லது நின்றுபோகும். இதை நோய் என்று நினைத்துப் பயந்து போலி வைத்தியரிடம் போக வேண்டாம். மருந்தின் விளைவுதான். நிறுத்தினால் சரியாகிவிடும். ஆனால் ஆணுறுப்பின் விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் அடங்காமல் வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அபூர்வம்தான், ஆனால் தாமதித்தால் நிரந்தரப் பாதிப்பு.

பெண்களுக்கும் உண்டு

இந்த மருந்தைப் பற்றிப் பேசினாலே ஆண்கள் விஷயம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மற்ற மாத்திரைகளில் பிரஷர் அடங்காதபோது பிரசோசின் போன்றவற்றைப் பெண்களுக்கும் தருகிறார்கள். சிறுநீர்ப்பையின் வாயைத் தளர்த்துவது ஆணுக்கு உதவி. பெண்ணுக்கோ அது எதிர்மாறாகத் திரும்பும். இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசியும். 'வயசாச்சு, மூணு பிரசவம் பார்த்த உடம்பு' என்று பாட்டிகள் அதை யாரிடமும் சொல்லாமல், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதையே நிறுத்திக்கொள்வார்கள். மாத்திரை மாறிய பிறகு ஆரம்பித்த கசிவு என்றால் டாக்டரிடம் சொன்னாலே போதும், வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றிப் பார்க்கலாம்.

அப்படியானால் நிறுத்திவிடலாமா?

தாமாக நிறுத்தக் கூடாது. இது ஆபத்தான மருந்து என்று யாரும் சொல்லவில்லை. சரியான ஆளுக்கு, சரியான அளவில் ராத்திரித் தூக்கத்தைத் திருப்பித் தரும் மருந்து. சிறுநீர் தடையில்லாமல் வருவதைப் பலர் சில நாள்களிலேயே உணர்வார்கள்.

ஆனால் 'ஒரே மாத்திரையில் பிரஷரும் சரியாகும், புராஸ்டேட்டும் சரியாகும்' என்ற கணக்கு ஒரு காலத்தில் இருந்தது போல இப்போது இல்லை. அமெரிக்காவில் 42,000-க்கும் மேற்பட்ட பிரஷர் நோயாளிகளிடம் நடந்த 'ஆல்ஹாட்' ஆய்வில் டாக்சசோசினும் ஒரு மருந்து. குளோர்தாலிடோன் என்ற பழைய, விலை குறைந்த மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், டாக்சசோசின் பிரிவில் இதயச் செயலிழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் அந்தப் பிரிவை மட்டும் 2000-ம் ஆண்டில் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதன் பிறகு பிரஷருக்கு முதல் தேர்வாக ஆல்பா பிளாக்கரை எழுதுவது குறைந்தது. மற்ற மருந்துகளுக்கு அடங்காதபோது சேர்க்கும் துணை மருந்தாகிவிட்டது. முதியவர்களுக்குப் பிரசோசின், டெரசோசின், டாக்சசோசினை வழக்கமான பிரஷர் மருந்தாகத் தருவதைத் தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியல்.

எனவே புராஸ்டேட்டுக்காக ஆல்பா பிளாக்கர் சாப்பிடும் ஒருவர், 'இதுவே பிரஷருக்கும் போதுமே' என்று அம்லோடிபினைத் தானாகவே கைவிடுவது தவறு. தலைசுற்றுகிறது என்று இரண்டையும் நிறுத்துவதும் தவறு. வீட்டில் பிரஷர் கருவி இருந்தால் ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒருமுறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை பார்த்து எழுதி வைக்கலாம். ஒரு வாரக் கணக்கோடு போனால் எந்த மாத்திரையைக் குறைப்பது என்று டாக்டர் எளிதாக முடிவெடுப்பார்.

ஆல்பா பிளாக்கர் வழியைத் தளர்த்துமே தவிர, சுரப்பியைச் சுருக்காது. சுருக்குவதற்கு ஃபினாஸ்டெரைடு, டுடாஸ்டெரைடு என்று வேறு மருந்துகள் உண்டு. அவை வேலை செய்ய ஆறு மாதம்கூட ஆகலாம். இரண்டையும் சேர்த்துத் தருவது பெரிய சுரப்பிக்கு நல்லது என்று 3,047 ஆண்களிடம் நடத்தி 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஃபினாஸ்டெரைடும் டுடாஸ்டெரைடும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையின் அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், பரிசோதனைக்குப் போகும்போது சொல்லிவிட வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த மாத்திரையையோ, கசிந்த கேப்ஸ்யூலையோ அவர் தொடக் கூடாது. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் எந்த மாத்திரையிலும் சமாளிக்கப் பார்க்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை உடைக்கவோ மெல்லவோ கூடாது. ஒரு நாள் முழுக்க வெளிவர வேண்டிய மருந்து ஒரே மூச்சில் வந்துவிடும். அந்த வகையில் சிலவற்றின் கூடு மலத்தில் முழு மாத்திரை போலவே வெளியே வரும். 'கரையவே இல்லையே' என்று இன்னொன்று போட வேண்டாம். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வந்தது வெறும் கூடுதான்.

கண் ஆபரேஷனுக்கு முன்

எழுபது வயதில் புராஸ்டேட்டோடு கூடவே வருவது கண்புரை. திருச்சியில் ஜோசப் கண் மருத்துவமனை போன்ற இடங்களுக்குச் சுற்று வட்டாரத்திலிருந்து முதியவர்கள் ஆபரேஷனுக்கு வருகிறார்கள். கண்ணுக்கும் சிறுநீர் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். கருவிழிக்கு உள்ளே, பாப்பாவை விரிக்கும் தசையிலும் அதே ஆல்பா ஏற்பிகள் இருக்கின்றன. டாம்சுலோசின் சாப்பிட்டவர்களுக்கு ஆபரேஷனின்போது அந்தத் திரை போன்ற பகுதி தொளதொளவென்று ஆடுவதையும், பாப்பா திடீரென்று சுருங்குவதையும் 2005-ல் அமெரிக்கக் கண் மருத்துவர்கள் டேவிட் சாங்கும் ஜான் கேம்ப்பெலும் எழுதினார்கள். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் அதற்கான சொட்டு மருந்தையும் கருவிகளையும் தயாராக வைத்துக்கொள்வார், ஆபரேஷன் நல்லபடியாக முடியும். தெரியாமல் ஆரம்பித்தால்தான் சிக்கல்.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன் மாத்திரையை நிறுத்திவிட்டால் போதும் என்று நினைக்கலாம். போதாது. நிறுத்திப் பல மாதங்கள் ஆனவர்களுக்கும் இந்தத் தளர்ச்சி இருந்திருக்கிறது. கண்புரை ஆபரேஷன் ஏற்கெனவே முடிவாகியிருந்தால், அது முடியும் வரை ஆல்பா பிளாக்கரைப் புதிதாக ஆரம்பிக்காமல் இருக்கலாமா என்று சிறுநீரகவியல் டாக்டரிடம் கேட்கலாம். ஏற்கெனவே சாப்பிடுபவர்கள், முன்பு எப்போதாவது சாப்பிட்டவர்களும்கூட, கண் மருத்துவமனையில் 'வேறு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?' என்று கேட்கும்போது சுகர், பிரஷரோடு நிறுத்திவிடாமல் இதையும் சொல்ல வேண்டும். பெயர் ஞாபகம் இல்லையென்றால் செல்போனில் இருக்கும் அந்த போட்டோவைக் காட்டலாம்.

மயங்கி விழுந்தவரை உடனே தூக்கி உட்கார வைக்க வேண்டாம். படுத்தபடியே விட்டு, அடிபடவில்லை என்றால் காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். நெஞ்சுவலி, தலையில் அடி, நினைவு திரும்பாமை, மூச்சுத் திணறல் இவற்றில் ஏதாவது இருந்தால் 108. பன்னிரண்டு மணி நேரமாகச் சிறுநீரே வரவில்லை, அடிவயிறு வலிக்கிறது என்றாலும் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். மருந்தால் ஏற்பட்ட பாதிப்பைப் பொதுமக்களே நேரடியாகத் தெரிவிக்க மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் கட்டணமில்லா எண் இருக்கிறது: 1800-180-3024.